கேட்கப்படாத கேள்வி

நம் ஊர் நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்றே குறிப்பிடுகிறோம். முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று வழக்குக் கட்டுகளில் எண்ணிட்டு எழுதுகிறோம். குற்றம் மெய்ப்பிக்கப்படும் முன்பே ஒரு மனிதருக்கு நாம் சூட்டிவிடும் பெயர் அது. அந்தச் சொல்லைப் பல ஆண்டுகள் நாள்தோறும் எழுதிய வழக்கறிஞன் நான். அந்த 'எதிரி'யின் பக்கத்தில் நிற்பதே என் தொழிலாக இருந்தது.

ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, உறவுமுறையில் எனக்குப் பெரியம்மாவான ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டார். "ஏம்ப்பா, தப்பு செஞ்சவனுக்கெல்லாம் போய்ப் பேசுறியே, உன் மனசு உறுத்தலையா?" என்று கேட்டார். அக்கேள்வியில் கடுமை இல்லை; என் ஆன்மாவைப் பற்றிய கவலையே இருந்தது. நம்மில் பலருடைய உள்ளத்திலும் இக்கேள்வி உண்டு. இதற்கு விடைதேட நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. தமிழர் அனைவரும் அறிந்த சிலப்பதிகாரமே போதும்.

கோவலன் கையில் ஒரு சிலம்பு இருந்தது. அது அரசியின் சிலம்பு என்றான் பொற்கொல்லன். வந்த காவலரில் சிலர், இவன் கள்வனைப்போல் தோன்றவில்லையே என்று ஐயுற்றனர். ஆயினும் அந்த ஐயத்தை அரசனிடம் எடுத்துச் சொல்வார் இல்லை. சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் முத்தா, மாணிக்கமா என்ற ஒரே கேள்வி கோவலனைக் காப்பாற்றியிருக்கும். அக்கேள்வியைக் கண்ணகி கேட்டாள். ஆனால் கணவன் வெட்டுண்ட பிறகு கேட்டாள். உண்மை வெளிப்பட்டது, உயிர் திரும்பவில்லை.

தானியேல் நூலின் 13-ஆம் அதிகாரத்தில் வரும் சூசன்னாவின் கதையை நாம் திருப்பலியில் கேட்டிருக்கிறோம். நடுவர்களாகவும் இருந்த முதியோர் இருவர் அவள்மீது பழி சுமத்தினர். மக்கள் நம்பினர். சாவுத் தீர்ப்பும் ஆயிற்று. அவளைக் கொலைக்களத்திற்கு அழைத்துச் செல்லும் வேளையில் இளைஞன் தானியேல் குறுக்கிட்டான். சாட்சிகள் இருவரையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தின் அடியில் கண்டீர்கள் என்று தனித்தனியே கேட்டான். இருவரும் வெவ்வேறு மரங்களைச் சொன்னார்கள். அங்கும் ஒரே கேள்விதான். ஆனால் உரிய நேரத்தில் கேட்கப்பட்டது.

குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞருக்குரிய கடமை என்ன என்று யாரேனும் என்னைக் கேட்டால், இதையே சொல்வேன்: கேட்கப்பட வேண்டிய கேள்வியைக் காலந்தாழ்த்தாது கேட்பது.

சட்ட உதவி வழியாக எனக்கு வந்த ஒரு வழக்கு நினைவில் நிற்கிறது. கிணற்று மோட்டார் ஒன்றைத் திருடியதாக ஒரு கூலித் தொழிலாளியைப் பிடித்திருந்தார்கள். ஜாமீன் கொடுக்க ஆள் இல்லாமல் நான்கு மாதமாக அவன் சிறையில் இருந்தான். மோட்டாரை அவன் குடிசையிலிருந்து கைப்பற்றியதாக மகஜர் சொன்னது. அதில் சாட்சிக் கையெழுத்து இட்டவர் ஒரு தேநீர்க் கடைக்காரர். "இதில் எங்கே வைத்துக் கையெழுத்துப் போட்டீர்கள்?" என்று கேட்டேன். "ஸ்டேஷன்லதாங்க" என்றார் அவர், சிறிதும் தயங்காமல். அந்தக் குடிசைக்கு அவர் போனதே இல்லை. வழக்கில் வேறு சான்று இல்லாததால் நடுவர் அவனை விடுதலை செய்தார். அவன் திருடினானா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மெய்ப்பிக்கப்படாத குற்றத்திற்காக அவன் தண்டிக்கப்படவில்லை என்பது மட்டும் தெரியும்.

இவ்வுரிமை வழக்கறிஞரின் இரக்கத்தால் வருவதன்று. கைது செய்யப்பட்டவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம் என்பது நம் அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு. ஏழைக்கு இலவசச் சட்ட உதவி என்பது 39-ஏ பிரிவு. ஏழை அந்த உதவியைக் கேட்கவில்லை என்று சொல்லி அவருக்கு வழக்கறிஞர் இல்லாமல் விசாரணை நடத்தலாகாது என்று 1986-இல், அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த சுக்தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருச்சபைச் சட்டமும் இதையே சொல்கிறது. தண்டனைக்குரிய வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எப்போதும் வழக்கறிஞர் ஒருவர் இருக்க வேண்டும்; அவர் அமர்த்தாவிடில் நடுவரே அமர்த்த வேண்டும் என்கிறது அதன் 1481-ஆம் விதி.

இவையெல்லாம் பாதிக்கப்பட்டவருக்கு இழைக்கும் அநீதி அல்லவா என்று சிலர் கேட்பர். மகாராஷ்டிரத்தில் 2003-இல் ஒரு குடும்பத்தினர் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஏழைகள் ஆறு பேர் பிடிபட்டார்கள். 2009-இல் உச்ச நீதிமன்றமே அறுவருக்கும் தூக்குத் தண்டனை என்றது. பின்னர் மறு ஆய்வு செய்த அதே நீதிமன்றம், 2019 மார்ச்சில் அறுவரும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. ஒவ்வொருவருக்கும் 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. உயிர்தப்பிய கண்கண்ட சாட்சி, காவல்துறையின் புகைப்படங்களைப் பார்த்து வேறு நால்வரைத் தொடக்கத்திலேயே அடையாளம் காட்டியிருந்தார். அந்த நால்வர் என்ன ஆனார்கள்? இக்கேள்விக்கு உரிய மதிப்புக் கிடைக்க ஏறத்தாழ 16 ஆண்டுகள் ஆயின. அறுவரின் இளமை சிறையில் கழிந்தது. அந்தக் குடும்பத்திற்கும் நீதி கிடைக்கவில்லை. ஏழை எதிரிக்காகக் கேட்கப்படாத கேள்வி, இறந்தவர்களுக்காகவும் கேட்கப்படாமற் போன கேள்வியே.

சரி, கட்சிக்காரர் குற்றம் செய்தவர் என்று வழக்கறிஞருக்கே தெரிந்தால்? பெரியம்மாவின் கேள்வியின் கூர்முனை இதுதான். இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் தெளிவாகவே சொல்கின்றன: போதிய சான்றின்றி எவரையும் தண்டிக்கலாகாது என்ற சட்டத்திற்கே வழக்கறிஞர் உண்மையாக இருக்க வேண்டும்; எனவே தம் சொந்தக் கருத்து எதுவாயினும் அவர் வாதாட வேண்டும். ஆனால் எதையும் சொல்லலாம் என்பதன்று இதன் பொருள். அரசுத் தரப்புச் சான்றை உரசிப் பார்க்கலாம். பொய்ச் சாட்சியை உருவாக்கலாகாது. குற்றமற்ற மூன்றாம் மனிதர்மீது பழியைத் திருப்பலாகாது. கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வெளியிடலாகாது. ஆயினும் அந்த இரகசியம் ஒப்புரவு அருட்சாதனத்தின் முத்திரையைப் போல் முழுமையானதன்று. இனிச் செய்யப்போகும் குற்றத்திற்குத் துணை தேடி வருபவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தீர்ப்பிடுவது நடுவரின் வேலை. அதை வழக்கறிஞர் தம் அறையிலேயே செய்துவிட்டால், நீதிமன்றம் எதற்கு?

கோயம்புத்தூரில் ஒருமுறை, குற்றம் சாட்டப்பட்ட காவலர்களுக்காக எவரும் வாதாடக்கூடாது என்று வழக்கறிஞர் சங்கமே தீர்மானம் போட்டது. அத்தகைய தீர்மானங்கள் எதுவும் செல்லாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அடுத்தவரைக் கூண்டில் ஏற்றுகிறவரும் ஒருநாள் கூண்டில் நிற்க நேரலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

சிறைப்பட்டோரைச் சந்திப்பது இரக்கச் செயல்களுள் ஒன்று என்று மறைக்கல்வியில் கற்றோம். கிறிஸ்து பிறப்புக் காலத்தில் பங்குக் குழுக்கள் பழமும் கேக்கும் எடுத்துக்கொண்டு சிறைக்குப் போவதும் உண்டு. அது நல்லது. அப்படிப் போகும்போது இன்னொன்றையும் கொண்டுபோக வேண்டுகிறேன். அங்கே இருப்பவரிடம், "உங்களுக்கு வழக்கறிஞர் இருக்கிறாரா? அவர் உங்களை வந்து பார்த்தாரா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், நீதிமன்ற வளாகத்திலேயே இயங்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அவர் பெயரைத் தெரிவியுங்கள். காவலில் இருப்பவருக்கு, வருமானம் பாராமல் இலவச உதவி தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருக்கிறது.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை.