வியன்னா: ஒரு கோப்பைக் கதகதப்பு

டிசம்பர் வியன்னாவில் மாலை 4 மணிக்கே சூரியன் விடைபெற்றுவிடும். குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்கு இதுதான் சிக்கல். 1,441 அறைகள் கொண்ட ஷான்புருன் அரண்மனையில் ஒரு பகுதியைப் பார்த்துவிட்டு, புனித ஸ்டீபன் பேராலயத் தெற்குக் கோபுரத்தின் 343 படிகளை ஏறி இறங்குவதற்குள் இருட்டிவிடுகிறது. காலும் கெஞ்சுகிறது. கிறிஸ்துமஸ் சந்தையில் வாங்கும் சுட்ட செஸ்ட்நட் விரல்களுக்கு மட்டுமே சூடு தரும்.

காப்பாற்றுவது காபி விடுதிதான். 1876இல் திறந்த கஃபே சென்ட்ரல் வாசலில் குளிரில் வரிசை நிற்பதைவிட, பக்கத்துத் தெரு விடுதியில் நுழைவது மேல். காபியோடு ஒரு டம்ளர் தண்ணீர் வரும். பிள்ளைகளுக்கு ஆப்ரிகாட் ஜாம் தடவிய ஸாக்கர் சாக்லேட் கேக் - 1832இல் பிறந்த பண்டம். கேட்கும்வரை பில் வராது. கணப்பில்லாத அறைகளில் வாழ்ந்த எழுத்தாளர்கள் ஒரே கோப்பையோடு பகலைக் கழித்த ஊர் இது. ஓர் அருங்காட்சியகம் விட்டுப்போனால் குடி முழுகிவிடாது.