மகள் வீட்டில் அரை கிளாஸ் ஒயின்

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் வயதுக்காரர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கம்பம். பன்னீர் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்தவன். ஆனாலும் அந்த நாளில் குடி என்றால் எங்களுக்குச் சாராயம்தான். 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்திக் கடைகளைத் திறந்தபோது எனக்கு 13 வயது. அப்பா அப்போது பழகினார். கடையில் நின்றபடியே குடித்துவிட்டு வருவார். வந்தால் சாப்பிட மாட்டார். அம்மா சோற்றுப் பானையை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். 1974-க்குள் கடைகளை மூடிவிட்டார்கள். அப்பாவுக்கு எங்கேயோ கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. நான் குடிக்க மாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன். 66 வயது வரை காப்பாற்றினேன்.

சென்ற டிசம்பரில் புனேயில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளை நாசிக் பக்கம் போனபோது இரண்டு பாட்டில் வாங்கி வந்திருந்தார். சிவப்பு ஷிராஸ் ஒன்று, வெள்ளை ஷெனின் பிளாங்க் ஒன்று. "மாமா, இதைச் சாப்பாட்டோட ஒவ்வொரு வாயா குடிக்கணும்" என்றார். என்ன தோன்றியதோ, சரி என்றேன்.

அன்று மீன் குழம்பு. ஷிராஸை ஒரு வாய் குடித்ததும் நாக்கில் தீப்பிடித்தது. வாயெல்லாம் துவர்ப்பு, மீனோடு சேர்ந்து ஒரு இரும்பு வாடை வேறு. மாப்பிள்ளை விளக்கினார்: சிவப்பு ஒயினைத் திராட்சைத் தோல், விதையோடு சேர்த்து நொதிக்க விடுவார்களாம். துவர்ப்பு அதில் வருவது. மிளகாய்க் காரத்தை அது கூட்டிக் காட்டும். வெள்ளைக்குப் பிழிந்த சாறு மட்டும்தான்.

மறுநாள் வறுத்த வஞ்சிரத்தோடு, குளிரவைத்த வெள்ளை ஒயின். மீனுக்கு எலுமிச்சை பிழிவோமே, அந்த வேலையை ஒயினின் புளிப்பு செய்தது. எண்ணெய்ப் பிசுக்கு போய் அடுத்த துண்டு புதிதாக ருசித்தது. ரசம் சாதத்தோடும் பார்த்தேன். ரசத்தின் புளிப்புக்கு முன்னால் ஒயின் வெறும் தண்ணீர். ஷிராஸுக்குக் கடைசியில் பொருந்தியது, மிளகாயைக் குறைத்து மிளகு போட்ட ஆட்டுக்கறி வறுவல்.

மனைவி மோர் தம்ளரோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மெதுவாகக் கேட்டாள்: "என்னங்க, அத்தை இருந்தா என்ன சொல்வீங்க?"

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு ராத்திரிகூட எனக்கு ஞாபகம் இல்லை. இங்கே மகளும் மாப்பிள்ளையும் பேச்சும் சிரிப்புமாக, சாப்பிட்டு எழ ஒன்றரை மணி நேரம் ஆகிறது. இரண்டும் ஒன்றல்ல என்று அம்மாவிடம் வாதாடிப் பார்த்தேன். ஆனால் ஒயினிலும் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு ஆல்கஹால் இருக்கிறது. சத்தியத்தில் அரை கிளாஸுக்கு விலக்கு எதுவும் நான் கேட்டு வைக்கவில்லை.

கிளம்பும்போது மாப்பிள்ளை ஒரு பாட்டிலை நீட்டினார். "இங்க வரும்போது பார்த்துக்கலாம் மாப்பிள்ளை. நம்ம வீட்டுக்கு வேண்டாம்" என்றேன்.

ஊருக்கு வந்த வாரம் மனைவி வஞ்சிரம் வறுத்தாள். தட்டின் ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு வைத்திருந்தாள். பிழிந்துகொண்டு, அவளையும் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். பரிமாறி முடித்த பிறகே சாப்பிடுகிறவள், அன்று உட்கார்ந்தாள்.