அட்டையும் நாடாவும்

நூல்கள் நிறைந்த இடமெல்லாம் நூலகம் ஆகிவிடாது. ஒரு கூடத்தில் இலட்சம் நூல்களைக் குவித்து வைத்து, வேண்டிய நூல் எங்கே இருக்கிறது என்று காட்டுவார் இன்றி விட்டுவிட்டால், அதனைக் கிடங்கு என்றே கூறுதல் வேண்டும். கிடங்கை நூலகம் ஆக்குவது நூற்பட்டி. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அப்பட்டி தடித்த சிறு அட்டைகளில் எழுதப்பட்டு, மர இழுப்பறைகளில் அகர வரிசையாக அடுக்கப்பட்டிருந்தது. ஒவ்வோர் அட்டையின் அடியிலும் துளையிட்டு, நீண்ட கம்பி ஒன்றைக் கோத்திருப்பர். அட்டையை எவரும் உருவிக்கொண்டு போகாமல் இருத்தற்கு அக்கம்பியே காவல். ஆயினும், இடம் மாறி அடுக்கப்பட்ட அட்டையைக் கம்பி என்ன செய்யும்? அட்டை இடம் தவறினால், நூல் அலமாரியில் இருந்தும் இல்லாததே ஆகும்.

ஒரு நூலுக்கு ஓர் அட்டை போதாது. ஆசிரியர் பெயரால் தேடுவார்க்கு ஒன்று, தலைப்பால் தேடுவார்க்கு ஒன்று, பொருளால் தேடுவார்க்கு ஒன்றோ இரண்டோ வேண்டும். ஒரே நூலை வாங்கிய ஆயிரம் நூலகங்களும் ஆயிரம் முறை அதே வேலையைச் செய்வது வீண் உழைப்பு அன்றோ? இதனைக் குறைக்கக் கருதியே வாசிங்டனில் உள்ள காங்கிரசு நூலகம், தான் அச்சிட்ட அட்டைகளை 1901ஆம் ஆண்டு முதல் பிற நூலகங்களுக்கும் விற்று வந்தது. நல்ல ஏற்பாடுதான். எனினும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் நூல்கள் பெருவெள்ளம்போல் வந்து குவியத் தொடங்கின. நூல் முன்னே வரும். அதற்குரிய அட்டை நெடுநாள் கழித்து வரும். அதுவரை நூல் பின்னறையில் கிடக்கும். படிக்க விரும்பி வந்தவர் வெறுங்கையுடன் திரும்புவார்.

பொறியைத் துணைக்கு அழைக்கும் எண்ணம் முன்னரே தோன்றியதுதான். துளையிட்ட அட்டைகளைக் கொண்டு கணக்கிடும் பொறியை ஹெர்மன் ஹாலரித் என்பவர் அமைத்தார். 1890ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது பயன்பட்டது. அத்தகைய பொறி வேண்டும் என்ற குறிப்பை அவருக்குத் தந்தவர் ஜான் ஷா பில்லிங்ஸ் என்னும் மருத்துவர். அவர் ஒரு பெரிய மருத்துவ நூலகத்தை வளர்த்தவர். பின்னாளில் நியூயார்க்குப் பொது நூலகத்தின் தலைவராகவும் விளங்கியவர். நூலகத்தார் ஒருவர் உள்ளத்தில் எழுந்த குறிப்பு, உலகைச் சுற்றிவிட்டு நூலகத்திற்கே திரும்பியது எனலாம். 1936ஆம் ஆண்டில் டெக்சாசு பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் பார்க்கர் என்பார், நூல்களை இரவல் கொடுக்கும் கணக்கிற்குத் துளையட்டைப் பொறியைப் பயன்படுத்தினார். ஆனால், இரவற் கணக்கு வேறு; நூற்பட்டி வேறு. யார், எதை, என்று எடுத்தார் என்பது எளிய செய்தி. ஒரு நூல் இன்னது என்று உரைப்பதோ எளிதன்று.

இவ்வரிய பணி ஹென்றியெட் அவ்ராம் என்னும் பெண்மணியின் கைக்கு வந்தது. 1919இல் நியூயார்க்கு நகரில் பிறந்த அவர், இளமையில் மருத்துவம் பயில விரும்பினார். பின்னர்க் கணிதத்தை நாடினார். 1952இல் அமெரிக்க அரசின் பாதுகாப்புத் துறை ஒன்றில் சேர்ந்து, கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கற்றார். அக்காலத்தில் அத்தொழிலைக் கற்பிக்கும் பள்ளியும் நூலும் மிக அரிதாய் இருந்த நிலை. செய்து செய்தே கற்றல் வேண்டும். 1965ஆம் ஆண்டு அவர் காங்கிரசு நூலகத்தில் பணியேற்றார். நூலகக் கல்வியில் அவர் பட்டம் பெற்றவர் அல்லர். எனினும், தமக்குத் தெரிந்த பொறியின் அளவுக்கு நூலட்டையைச் சுருக்கிவிட அவர் முனையவில்லை. நூலகப் பணியில் தேர்ந்த ரூத் ஃபிரைடாக், கே கைல்சு ஆகிய இருவருடன் சேர்ந்து, அட்டையில் உள்ள ஒவ்வொரு சொல்லும் ஏன் அங்கே இருக்கிறது என்று ஆராய்ந்தார்.

அவ்வாராய்ச்சி ஏன் வேண்டியதாயிற்று? பெர்னார்ட் ஷா என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். அஃது அட்டையின் முதல் வரியில் இருந்தால் அவர் நூலாசிரியர். நடுவில் இருந்தால் தலைப்பின் ஒரு பகுதி. அடியில் எண்ணிட்டு எழுதியிருந்தால், அந்நூல் அவரைப் பற்றியது. படிப்பவர் கண் இதனை நொடியில் அறிந்துகொள்ளும். அறிந்துகொண்டோம் என்பதைக்கூட அவர் உணரார். கணிப்பொறிக்கோ மேலும் இல்லை, கீழும் இல்லை. அதற்குத் தெரிவது எழுத்துகளின் ஒரு நீண்ட வரிசை மட்டுமே. ஆகவே, மனிதர் சொல்லாமலே உணர்ந்துவந்த ஒவ்வொன்றையும் அதற்கு வெளிப்படச் சொல்லுதல் வேண்டும். பொறியின் விரைவைப் புகழ்வார் பலர்; இச்சொல்லும் பணியின் அருமையை அறிந்தவர் சிலரே.

அவர்கள் கண்ட வழி எண்ணிடுதல். இறுதியில் உருவான அமைப்பில், ஆசிரியர் பெயருக்கு 100, தலைப்புக்கு 245, நூல் ஒருவரைப் பற்றியதாயின் அவர் பெயருக்கு 600. இன்னும் ஓர் இடர் இருந்தது. சில தலைப்புகள் ஒரே சொல்லில் முடியும். சில ஐந்து வரிக்கு நீளும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு இடம் ஒதுக்கினால், சிறியது இடத்தை வீணாக்கும், பெரியது வெட்டுப்படும். இதற்காக ஒவ்வொரு பதிவின் முன்னும், நூலுக்குப் பொருளடக்கம் வைப்பதுபோல், ஒரு வழிகாட்டியை வைத்தனர். அதில் ஒவ்வொரு செய்திக்கும் 12 எழுத்துகள்: எண் இன்னது எனக் கூற 3, நீளம் இவ்வளவு எனக் கூற 4, தொடங்கும் இடம் இது எனக் கூற 5. நூலின் தலைப்பு எவ்வளவு நீண்டாலும் இனி அதனை வெட்ட வேண்டுவதில்லை.

இம்முறைக்கு ‘மார்க்’ என்று பெயர். 1966ஆம் ஆண்டு நவம்பரில் 16 நூலகங்களுடன் சோதனை தொடங்கியது. பல்கலைக்கழக நூலகங்கள், பொது நூலகங்கள், பள்ளி நூலகங்கள் எனப் பலவகையும் அவற்றுள் இருந்தன. வாரந்தோறும் காந்த நாடாச் சுருள்கள் அஞ்சலில் சென்றன. 1968 சூன் வரை ஏறத்தாழ 50,000 பதிவுகள் அனுப்பப்பட்டன. அவை யாவும் ஆங்கில நூல்களுக்கு உரியவை. முதல் அமைப்பில் குறைகள் பல வெளிப்பட்டன. அவற்றை மறைக்காமல், பங்கேற்ற நூலகத்தாரையும் பிரித்தானிய நூலகத்தாரையும் கலந்து, அமைப்பையே புதுக்கினர். மேலே கூறிய எண்களும் வழிகாட்டியும் அப்புதிய அமைப்பைச் சேர்ந்தவை. 1969 மார்ச்சு முதல் விரும்பிய நூலகம் எதுவும் நாடாவை வாங்கலாயிற்று. 1973இல் அதன் கட்டமைப்பு அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டது.

நாடா வந்தது, ஆனால், சிறிய கல்லூரி ஒன்று கணிப்பொறிக்கு எங்கே போகும்? ஒகையோ மாநிலத்தின் 54 கல்லூரிகள் 1967இல் ஒன்றுகூடி, ஃபிரெடெரிக் கில்கோர் என்பவரின் தலைமையில் பொதுவான ஒரு கணிப்பொறி நிலையத்தை நிறுவின. 1971 ஆகஸ்டு 26ஆம் நாள், ஒகையோ பல்கலைக்கழக நூலகத்தார் தொலைபேசிக் கம்பி வழியே அந்நிலையத்தோடு தொடர்புகொண்டு, அந்த ஒரு நாளிலேயே 133 நூல்களைப் பட்டியில் சேர்த்தனர். ஒருவர் பதிந்ததை மற்றவர் மீண்டும் பதிய வேண்டுவதில்லை. திருத்தம் இருந்தால் திருத்தினால் போதும்.

கணிப்பொறி வந்ததும் அட்டைகள் ஒழிந்தன என்று கருதுதல் ஆகாது. தொடக்கத்தில் அந்நிலையம் செய்த பெரும்பணியே அட்டை அச்சிடுவதுதான்! படிக்க வருவோர் அனைவர்க்கும் திரை வைக்க அன்று இயலாது; இழுப்பறையோ எல்லா நூலகத்திலும் இருந்தது. ஆகவே, பொறி அகர வரிசைப்படுத்தி அச்சிட்ட அட்டைகள் பெட்டி பெட்டியாகச் சென்றன. அத்தொழில் 2015 அக்டோபர் முதல் நாள்தான் நின்றது. அதுவரை அங்கு அச்சான அட்டைகள் ஏறத்தாழ 190 கோடி.

அவ்ராம் 1992இல் ஓய்வு பெற்று, 2006இல் மறைந்தார். நாடாச் சுருள்களும் போயின. அவற்றைச் சுழற்றிய பொறிகளும் போயின. நூற்பட்டி எழுதுவோர் மட்டும் இன்றும் ஒரு நூலின் தலைப்பைத் தம்முள் 245 என்றே குறிப்பிட்டுப் பேசிக்கொள்கின்றனர்.