ஈரம் பட்டால் பச்சை

ஜனவரி 4, சனி

குரோம்பேட்டையில் முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்து ஏழு மணிக்கெல்லாம் பரங்கிமலை ஏறிவிட்டேன். தேவாலயத்தைப் படம் எடுக்க அல்ல, அதைத் தாங்கி நிற்கும் பாறையை எடுக்க. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்த பாறை இது. வயது சுமார் 250 கோடி ஆண்டு. பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது.

அளவு தெரிய ஐந்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து நாற்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நாணயம் மட்டும் தெளிவாக இருக்கிறது. வெயில் மழையில் பழுத்த மேல்தோல் எல்லாப் படத்திலும் வெறும் பழுப்பு.

இரவு, இந்தப் பாறையின் பெயர்க்கதையை மறுபடி படித்தேன். கல்கத்தாவை நிறுவியவர் என்று நெடுங்காலம் சொல்லப்பட்ட ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கல் அந்நகரின் செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து அக்கல்லை ஆராய்ந்து, அதே வகைப் பாறை பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளில் இருப்பதைக் கண்டு, 1893-ல் 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். அன்டார்டிகாவில் கிடைத்தாலும் இன்று அதே பெயர்தான். நம் ஊர்க் கல்லுக்குக் கல்கத்தாவில் ஒரு கல்லறை பெயர் தந்திருக்கிறது.

ஜனவரி 5, ஞாயிறு

அதே பாறையைத் தேடித் திரிசூலம் போனேன். விமானங்கள் தலையை உரசுவதுபோல் இறங்குகின்றன. எதிரே குன்றின் பாதியைக் காணோம். ஜல்லியாகி, நம் வீடுகளின் தளமாகவும் சாலைகளாகவும் போய்விட்டது. பழைய குவாரிப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது.

நான் குனிந்தும் படுத்தும் படம் எடுப்பதை ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு இங்கே கல்லுடைத்தவராம். "தண்ணி இருக்கா தம்பி?" என்று கேட்டு என் பாட்டிலை வாங்கினார். உடைந்த பாறை முகத்தில் ஊற்றினார். "இப்ப எடு."

பச்சை! எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் கரும்பச்சை. அதனிடையே நீலம் கலந்த சாம்பலாகக் குவார்ட்ஸ் மணிகள். காலை வெயில் பக்கவாட்டில் விழ, ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிந்தது.

"ஒடைச்சதும் இப்படித்தான் இருக்கும். நாளாக நாளாக மங்கிடும். லேசுல உளிக்கு மசியாது" என்றார், பாறையைத் தடவியபடி. எனக்குப் புத்தகம் சொல்லாததை அவர் கை அறிந்திருந்தது.

ஜனவரி 11, சனி

மார்கழி விடியல். அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். கோலப்பொடி எடுக்கக் குனிந்தபோது அவர் பின்னால் வாசற்படி பளபளத்தது. தாத்தா பம்மல் குவாரியிலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்து போட்ட கல். ஈரத்தில் அதே கரும்பச்சை, அதே நீலச்சாம்பல் மணிகள்.

முப்பது வருஷமாக இதை மிதித்துத்தான் பள்ளிக்கும் வேலைக்கும் போயிருக்கிறேன்.

"ஈரம் காயறதுக்குள்ள நகரு, கோலம் போடணும்" என்றார் அம்மா. "ஒரு நிமிஷம்மா" என்று படியருகே மண்டியிட்டு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்தேன். இந்தப் பாறைப் படத்தொடரின் கடைசிப் படம் இதுதான். நினைவுச்சின்னம் மலைமேல் மட்டும் இல்லை. நாம் உடைத்துக் கொண்டுவந்து கட்டிய வீடுகளிலும் இருக்கிறது. மிச்சமிருக்கும் குன்றையாவது உடையாமல் விடவேண்டும்.