கடல் இல்லாத தீவு... ஜவ்வாது மலைக்கு ஒரு சனிக்கிழமைத் திட்டம்!

அரையாண்டுத் தேர்வு அட்டவணை வந்ததுமே பல வீடுகளில் செல்போன் தேடலும் தொடங்கிவிடுகிறது. 'ஏழு நாள் தீவுச் சுற்றுலா, கடலைப் பார்த்த அறை, மூன்று வேளை சாப்பாடு' என்று விளம்பரங்கள் வரிசைகட்டி நிற்கும். இலங்கை என்றால் சிகிரியா குன்று, கண்டி தலதா மாளிகை, யால காட்டின் சிறுத்தைகள், கடைசி இரண்டு நாள் மிரிசா கடற்கரை. பாட்டிக்குக் கோயில், பிள்ளைகளுக்கு விலங்கு, எல்லோருக்கும் தண்ணீர். இந்த மூன்றையும் ஒரே பயணத்தில் கட்டித் தருவதுதான் தீவுச் சுற்றுலாவின் சூத்திரம்.

பிறகு ஐந்து பேருக்கு விமான டிக்கெட் கணக்குப் போடுவார்கள். பாட்டிக்கு பாஸ்போர்ட்டே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும். 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று செல்போன் அணைக்கப்படும்.

அந்த மூன்றும் தமிழ்நாட்டுக்குள்ளேயே, காரில் போய்வரும் தூரத்தில் கிடைத்தால்? கடல் மட்டும் இருக்காது. மற்றபடி ஜவ்வாது மலையும் ஒரு தீவுதான்.

சமவெளிக்கு நடுவே ஒரு மலைத்தீவு

கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டுகளில் ஒன்று ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், நான்கு பக்கமும் வயலும் ஊருமாக இருக்கும் சமவெளிக்கு நடுவே பச்சையாகத் தனித்து நிற்பது தெரியும். செய்யாறு இங்கேதான் பிறக்கிறது. கீழே இருக்கும் ஊர்களின் ஏரிகளும் கிணறுகளும் இந்த மலையில் பெய்யும் மழையை நம்பியிருக்கின்றன.

ஊட்டி, கொடைக்கானல் அளவுக்கு உயரமில்லை. அதனால் நடுங்கவைக்கும் குளிரும் இல்லை. மார்கழி, தை மாத இரவுகளுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். சென்னையிலிருந்து காலையில் கிளம்பினால் ஆரணி, போளூர், அத்திமூர் வழியாக ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் மலையின் முக்கிய ஊரான ஜமுனாமரத்தூரை அடையலாம். பெங்களூரு, ஓசூர் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு வாணியம்பாடி, ஆலங்காயம் வழி வசதி. ரயிலில் வருவதானால் திருப்பத்தூரிலோ போளூரிலோ இறங்கி பஸ் பிடிக்கலாம்.

முதலில் சனிக்கிழமையைக் குறியுங்கள்

பொதுவாகச் சுற்றுலாத் திட்டம் ஓட்டல் அறையில் தொடங்கும். ஜவ்வாது மலைக்கு அது சனிக்கிழமை இரவில் தொடங்க வேண்டும். காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தில் பொதுமக்கள் பார்வைக்கான நாள் சனிக்கிழமை. அதை நடுவில் வைத்து, வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்பினால் மூன்று நாள் சரியாகப் பொருந்தும். கிளம்பும் வாரத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தில் அனுமதி நேரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது மாதம். இதில் ஒரு சிக்கல் உண்டு. அருவியில் தண்ணீர் கொட்ட வேண்டும் என்றால் மழை பெய்திருக்க வேண்டும். நட்சத்திரம் தெரிய வேண்டும் என்றால் மேகம் விலகியிருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஓடைகள் இன்னும் வற்றாத டிசம்பர் கடைசியும் ஜனவரியும்தான் இரண்டுக்கும் பொதுவான காலம். அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் அப்போதே வருகின்றன. பௌர்ணமியை ஒட்டிய நாள்களைத் தவிர்த்தால் வானம் இன்னும் நன்றாகத் தெரியும். கோடையில் போகிறவர்களுக்கு அருவி ஏமாற்றம் தரலாம். ஆனால், பலாப்பழம் கைவிடாது.

வெள்ளி: ஏரியும் சாமைச் சோறும்

முதல் நாள் மலையேறிய களைப்புக்கு ஜமுனாமரத்தூர் கோலப்பன் ஏரி போதும். படகு உண்டு. கரையில் நடக்கலாம். பிள்ளைகள் ஓடலாம். தீவு விளம்பரத்தில் வரும் நீலக் கடல் இல்லைதான். ஆனால், மாலை வெயில் சாயும்போது மலையின் நிழல் தண்ணீரில் மெல்ல இறங்குவதை அவசரமில்லாமல் பார்க்க முடிகிறது.

சாப்பாட்டில் தேட வேண்டியது சாமை. ஜவ்வாது மலையின் முக்கியப் பயிர் அதுதான். கேழ்வரகும் தினையும் விளைகின்றன. நகரத்துக் கடைகளில் 'சிறுதானியம்' என்ற பெயரில் பளபளக்கும் பையில் விற்கும் அதே சாமை, இங்கே சரிவான புன்செய்க் காடுகளில் மழையை நம்பி விளைகிறது. பரோட்டாவும் ஃபிரைடு ரைஸும் இங்கேயும் கிடைக்கும். ஆனால், முதல் நாளே சொல்லிவைத்தால், சாமைச் சோறும் களியும் சமைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

தங்குவதற்கு நட்சத்திர ஓட்டல்களை எதிர்பார்க்க வேண்டாம். வனத்துறை விடுதியும் சில தனியார் விடுதிகளும் உண்டு. விடுமுறை நாள்களில் முன்பதிவு இல்லாமல் ஏறுவது ஆபத்து. காருக்குப் பெட்ரோலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். வளைவுக்கு வளைவு செல்போன் சிக்னல் மறைந்துவிடும் என்பதால் வரைபடத்தை முன்பே தரவிறக்கிக்கொள்வது நல்லது.

சனி காலை: அருவியும் கல்வீடுகளும்

ஜமுனாமரத்தூரிலிருந்து சில கிலோமீட்டரில் பீமன் அருவி. மழைக்குப் பிறகு பாறைகள் பாசி பிடித்து வழுக்கும். சிறுபிள்ளைகளின் கையை விடக் கூடாது. வெள்ளம் வரும் நாள்களில் உள்ளூர்க்காரர்கள் 'போகாதீங்க' என்றால் போகாமல் இருப்பதே நல்லது.

அங்கிருந்து வரலாற்றுக்கு வரலாம். கீழ்சேப்பிளி கிராமத்தில் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி வைத்த சின்னஞ்சிறு கல்வீடுகள் நிற்கின்றன. குள்ள மனிதர்கள் வாழ்ந்த வீடுகள் என்று ஊரில் கதை உண்டு. இவை கற்திட்டைகள் என்றும், பெருங்கற்காலத்து மக்கள் இறந்தவர்கள் நினைவாக எழுப்பியவை என்றும் தொல்லியல் சொல்கிறது. பிள்ளைகளுக்கு முதலில் ஊர்க் கதையையும் பிறகு தொல்லியலையும் சொல்லலாம். இரண்டும் வேண்டும். ஆனால், மேலே ஏறி செல்ஃபி வேண்டாம். அது ஒருவருடைய நினைவுச் சின்னம்.

மலையடிவாரத்துச் செங்கம் பகுதி, நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' என்று தனி நூலே வெளியிட்டது. அந்த வட்டாரத்தில் எடுத்தனூரில் உள்ள ஒரு நடுகல், 7-ம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தைச் சேர்ந்தது. இறந்த வீரனோடு, திருடர்களைக் கடித்துக் காவல் காத்த அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே சொல்கிறது. நாய் வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் இந்தக் கதையை மறக்க மாட்டார்கள்.

மலையின் சொந்தக்காரர்கள்

ஜவ்வாது மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. மலையில் வாழ்பவர்கள் என்பதே பொருள். இவர்கள் பேசுவதும் தமிழ்தான். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று ஊர்ப் பெயர்களிலேயே பழைய 'நாடு' அமைப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த மலைக்கு ஒருகாலத்தில் சந்தன மலை என்ற புகழ் இருந்தது. திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கு இருப்பதும் அதனால்தான். கடத்தலில் மரங்கள் அழிந்தன. மானாவாரி நிலம் ஆண்டு முழுக்கச் சோறு போடாததால் கூலி வேலை தேடி வெளியூர் போகிற குடும்பங்கள் அதிகம். 2015 ஏப்ரல் 7-ல் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி, போலீஸ் சுட்டதில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் உண்டு.

உல்லாசப் பயணத்தில் இந்தக் கதை எதற்கு என்று தோன்றலாம். நம் பணம் எங்கே போகிறது என்பதற்காகத்தான். ஓர் ஆடம்பரத் தீவு விடுதியில் கட்டும் கட்டணத்தில் எவ்வளவு அந்தத் தீவுக்காரர் கைக்குப் போகும் என்று கேட்க முடியாது. இங்கே கேட்கவே வேண்டாம், கண்ணெதிரே தெரியும். சாமை, தேன், புளி, சீதாப்பழம் எதுவானாலும் மலைவாசிகளிடமோ அவர்களுடைய கூட்டுறவு அமைப்பிடமோ வாங்கினால், அது அந்த வீட்டு அடுப்புக்கே போகும். சமைத்துத் தருபவருக்கும் வழிகாட்டி வரும் இளைஞருக்கும் பேரம் பேசாமல் கூலி கொடுக்கலாம். வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதற்கும் படம் எடுப்பதற்கும் முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும்.

சனி இரவு: இருட்டு என்னும் ஆடம்பரம்

மாலையில் காவலூருக்குக் கிளம்புங்கள். ஏறத்தாழ ஒரு மணி நேர மலைப்பாதை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், காட்டுக்கு நடுவே வெள்ளைக் குவிமாடங்கள் தெரியும்.

1960-களின் கடைசியில் வானியலாளர் வைணு பாப்பு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், நகர வெளிச்சம் எட்டாத இருட்டு. இன்னொரு காரணமும் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வட வானத்தோடு தென் வானத்தின் பெரும்பகுதியையும் இங்கிருந்து பார்க்கலாம். இங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கி 1972-ல் வியாழனின் துணைக்கோள் கனிமீடில் மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான தடயத்தைக் காட்டியது. 1977-ல் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் கண்டுகொண்டபோது, அதைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் தொடங்கிவைத்தார். அதைப் பார்க்க வைணு பாப்பு உயிரோடு இல்லை. 1982-லேயே மறைந்துவிட்டார். 1988-ல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறுகோளுக்குக் கணிதமேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது.

மேகம் வழிவிட்டால், பார்வையாளர்களுக்கான சிறிய தொலைநோக்கியில் கண் வைக்கலாம். மேகம் மூடினால் அன்றைக்கு அவ்வளவுதான். தீவு விடுதிகளில் நட்சத்திரம் பார்ப்பதற்கென்றே தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். இங்கே வெறும் கண்ணுக்கே, நகரத்துப் பிள்ளைகள் பார்த்திராத அளவுக்கு வானம் நிறைந்து கிடக்கிறது.

ஆனால், இந்த ஆடம்பரத்துக்கு ஓர் எதிரி உண்டு. விளக்கு. சுற்றுலா வளர வளர விடுதிகள் வரும், விடுதிகளோடு விடிய விடிய எரியும் அலங்கார விளக்குகளும் வரும். யாரைத் தேடி வந்தோமோ, நம் வருகையே அவரை விரட்டிவிடும் கதை இது. அறைக்குத் திரும்பியதும் வாசல் விளக்கை அணைப்பது இந்த மலைக்குச் செய்யும் மிகச் சிறிய, உண்மையான மரியாதை.

ஞாயிறு: விலங்குகள் நம்மைப் பார்க்கும் காடு

ஜவ்வாது மலையில் கரடியும் புள்ளிமானும் காட்டுப்பன்றியும் உண்டு. ஆனால், யால போல ஜீப் ஏறினால் காட்சி கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. இங்கே பெரும்பாலும் விலங்குகள்தான் நம்மைப் பார்க்கும். அந்திக்குப் பிறகு காட்டுப்பாதையில் நடக்க வேண்டாம். வனத்துறை அனுமதியில்லாமல் காட்டுக்குள் இறங்கவும் வேண்டாம். விடியற்காலைப் பறவைக் குரல்களுக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை.

விலங்கைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கு மலையடிவார அமிர்தி இருக்கிறது. வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். 1967-ல் தொடங்கிய சிறிய உயிரியல் பூங்காவும், பக்கத்தில் ஓடையும் அருவியும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு வேலூர் வழியாக வீடு திரும்பலாம்.

ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய வழிகாட்டி

இந்த வட்டாரத்துக்குப் பயணத் திட்டம் போடுவது புதிதல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான 'மலைபடுகடாம்', செங்கத்தை ஆண்ட நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் நூல். பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். சேயாறும் மலைநாடும் அதில் வருகின்றன. எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும், எங்கே வழுக்கும், எங்கே பாம்பு இருக்கும், இருட்டினால் எங்கே தங்க வேண்டும் என்று இன்றைய பயணக் கட்டுரைகள் சொல்லும் அத்தனையும் அதில் உண்டு.

இன்றைய விளம்பரங்கள் விட்டுவிட்ட ஒன்றும் அதில் இருக்கிறது. அந்த வழியெங்கும் பயணிக்குச் சோறு போடுபவர்கள் மலையில் வாழும் மக்கள். வருகிறவர் அங்கே விருந்தாளி. அந்த மரியாதையோடு ஏறுகிறவர்களுக்கு ஜவ்வாது மலை இன்றைக்கும் சாமைச் சோறும் வானம் நிறைய நட்சத்திரங்களும் வைத்திருக்கிறது.

பாட்டிக்கு பாஸ்போர்ட் வேண்டியதில்லை. ஒரு சால்வை மட்டும் எடுத்துவையுங்கள்.