உறையில் கிடந்த வாள்

வாள் சண்டை வரும் கதை என்றால் சிறு வயது முதலே எனக்கு ஒரு பைத்தியம். எழுத்தாளனாகிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அது தெளியவில்லை. இதை அறிந்த என் தமக்கை மகள், சென்ற கோடையில் வந்திருந்தபோது என் மேஜைமேல் ஐந்து தடித்த புத்தகங்களை அடுக்கி வைத்தாள்.

"படித்துப் பாருங்கள், மாமா. வாள் இருக்கிறது, பேய் இருக்கிறது, காதலும் இருக்கிறது. கதாநாயகி மட்டும் கிடையாது."

"கதாநாயகி இல்லாமல் காதலா?"

"படித்துவிட்டுக் கேளுங்கள்" என்று உள்ளே போய்விட்டாள்.

அது 'மோ தாவ் ஜூ ஷி' என்ற சீன நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு. 2015-இல் ஜின்ஜியாங் என்ற இணையத் தளத்தில் தொடர்கதையாக வரத் தொடங்கியது. ஆசிரியையின் புனைபெயர் மோ சியாங் தோங் சியு. 'மையின் மணம், காசின் நாற்றம்' என்று அதற்குப் பொருள். எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? முதல் பக்கத்திலேயே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

தவ வலிமையால் வாளின்மேல் ஏறி வானத்தில் பறக்கும் வீரர்களின் உலகம் அது. மலைமேல் ஒரு குருகுலம். அங்கே மது கூடாது, இரவில் உலாவக் கூடாது, உரக்கச் சிரிக்கக்கூடக் கூடாது. கல்லில் செதுக்கி வைத்த விதிகள் மூவாயிரம்! வேய் வூசியான் என்ற குறும்புக்காரப் பிள்ளை, இரவில் மது ஜாடிகளுடன் அந்த மதிலேறிக் குதிக்கிறான். விதியே உருவான லான் வாங்ஜி அவனை மறிக்கிறான். நிலவொளியில் மதில்மேல் வாளும் வாளும் மோதுகின்றன. அவர்கள் காதலுக்கு அதுதான் முதல் அத்தியாயம் என்பது அவர்களுக்கே தெரியாது, நமக்கும் தெரியாது.

பிற்பாடு வேய் வூசியான் வாளைத் தொடுவதையே விட்டுவிடுகிறான். புல்லாங்குழல் ஊதிப் பிணங்களை எழுப்பிப் போரிடுகிறான். செருக்கு என்கிறது ஊர். உண்மை வேறு. தவத்தால் உடலில் திரளும் பொற்கருவை, தன்னை வளர்த்த வீட்டுப் பிள்ளைக்கு, அவனுக்கே தெரியாமல் கொடுத்துவிட்டான். அது போன பிறகு வாள் வெறும் இரும்புதான். ஊர் ஏசுகிறது; அவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். அவன் மாண்டு 13 ஆண்டுகள் ஆன பின்பும் லான் வாங்ஜி அவனை மறக்கவில்லை. கடைசியில் இருவரும் சேர்கிறார்கள். பகைவர்கள் சூழ்ந்து நிற்க, ஒரு கோயிலுக்குள், சற்றும் பொருத்தமில்லாத வேளையில் வேய் வூசியான் தன் காதலைச் சொல்லும் இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கதை 2019-இல் 50 பகுதிகள் கொண்ட நாடகமாக வந்தது. அதையும் பார்த்தேன். வாள் இருந்தது, குழல் இருந்தது, யாழ் இருந்தது. காதலை மட்டும் காணோம். ஆணும் ஆணும் காதலிப்பதைத் திரையில் காட்ட அங்கே இடமில்லை. ஆகவே காதலர்கள் உற்ற நண்பர்கள் ஆனார்கள். ஆனால் நடிகர்களின் கண்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டன.

"புத்தகத்தைவிட இதுதான் கலை! சொல்லாமல் சொல்லிவிட்டார்கள்!" என்றேன் நான்.

அவள் முகம் மாறிற்று. "சொல்லாதது யார் இஷ்டம், மாமா? எழுதினவள் இஷ்டமா?"

என்னிடம் பதில் இல்லை. 2018-இல் அன்ஹுய் மாகாணத்தில் ஓர் எழுத்தாளருக்கு, ஆண்கள் இருவரின் காமத்தை எழுதிய நாவலை ஆபாசம் என்று சொல்லிப் பத்தரை ஆண்டுச் சிறை விதித்தார்கள் என்பதை அவள்தான் சொன்னாள். இத்தனைக்கும் இந்தக் காதல் அந்த நாட்டுக்குப் புதிதன்று. ஹான் வம்சத்து அய் சக்கரவர்த்தி, தன் அங்கியின் கைமேல் உறங்கிவிட்ட தோங் சியானை எழுப்ப மனமில்லாமல் கையையே வெட்டிவிட்டு எழுந்தான் என்று பழைய வரலாற்று நூல் சொல்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாக 'வெட்டிய அங்கிக் கை' என்றால் அங்கே அர்த்தம் புரியும்.

சீனத்து அதிகாரிகளை நினைத்துக் கோபம் வந்தது. அந்தக் கோபம் அன்று இரவு வரைதான் நின்றது.

பல வருஷங்களுக்கு முன் ஒரு கதை எழுதினேன். ஒரு நாகசுர வித்துவான், அவருக்குத் தவில் வாசித்தவர்; இருபது வருஷம் பிரியாதவர்கள். தவில்காரர் இறந்ததும் மற்றவர் சீவாளியை உதட்டில் வைக்கவே இல்லை. அவர்களுக்கிடையே இருந்தது என்ன என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். தபாலில் சேர்ப்பதற்கு முன்பு அதை அடித்துவிட்டு, நாகசுரக்காரருக்கு ஒரு மாமன் மகளைக் கட்டி வைத்தேன். எந்த அதிகாரியும் என்னைக் கேட்கவில்லை. பத்திரிகை ஆசிரியரும் கேட்கவில்லை. 'நட்புக்கு இலக்கணம்' என்று வாசகர்கள் எழுதினார்கள். அந்தப் பாராட்டையும் கூசாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஊருக்குப் புறப்படும் அன்று அவள் கேட்டாள்:

"மாமா, உங்கள் நாகசுரக் கதையில் அந்த மனைவி ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லையே, ஏன்?"

நான் உண்மையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "அவள் பாவம், மாமா" என்றாள்.

யாருக்காகவோ வாளை உறையில் இட்டான் வேய் வூசியான். நான் இட்டது எனக்காக. அந்தக் கதை மறுபதிப்புக்குப் போகிறது. அடித்த வாக்கியம் இப்போது சொல்லுக்குச் சொல் நினைவில்லை. இந்த வாரம் உட்கார்ந்து அதைத் திரும்ப எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.