முதல் வாயில்

மருத்துவக் கல்லூரியின் வாயில் எங்கே இருக்கிறது? பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது என்பதே பெற்றோர் பலரின் எண்ணம். சிறந்த தேர்ச்சி பெற்றுவிட்டால் அவ்வாயில் தானே திறந்துவிடும் என்றும் அவர்கள் நம்புகின்றனர். உண்மையில், மருத்துவக் கல்விக்குரிய முதல் வாயில் இடைநிலைப்பள்ளியின் நான்காம் படிவத்து வகுப்பறையில் இருக்கிறது. பதினாறு வயதில் அதனைக் காணாமல் கடந்து சென்றவர்க்கு மற்ற வாயில்கள் திறப்பது அரிது. பேராக் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் இவ்வுண்மையைக் காலங்கடந்தே உணர்ந்தார்.

அவருடைய பள்ளியில் பயின்ற மாணவி ஒருத்தி. தந்தை லாரி ஓட்டுநர்; தாய் கையுறைத் தொழிற்சாலைத் தொழிலாளி. நீரிழிவு நோயால் பாட்டி காலை இழந்ததைக் கண்ட நாள்தொட்டு, தான் மருத்துவராக வேண்டும் என்ற எண்ணம் அச்சிறுமியின் நெஞ்சில் வேரூன்றிவிட்டது. ஆறாம் ஆண்டில், ‘நான் ஒரு மருத்துவரானால்’ என்னும் தலைப்பில் அவள் எழுதிய கட்டுரையை ஆசிரியர் வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினார். ‘மிக நன்று’ என்று சிவப்பு மையால் எழுதிக் கையொப்பமும் இட்டார்.

ஆண்டுகள் உருண்டன. எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த அன்று மாலை, இனிப்புப் பொட்டலத்துடன் அவள் ஆசிரியர் இல்லத்திற்கு வந்தாள். மதிப்பெண் தாளில் பெரும்பாலான பாடங்களுக்கு நேரே ‘ஏ’ என்னும் எழுத்தே நின்றது. மகிழ்வுடன் மேலிருந்து கீழாகப் படித்து வந்த ஆசிரியரின் கண்கள் மீண்டும் மேலே சென்றன. தமிழ்மொழி இருந்தது, கணக்கியல் இருந்தது, வணிகவியல் இருந்தது. உயிரியலைக் காணவில்லை. வேதியியலையும் இயற்பியலையும் காணவில்லை.

“ஏம்மா, உயிரியல் எடுக்கவில்லையா?”

“கூட்டாளிகள் எல்லாரும் இந்தப் பாடங்களைத்தான் எடுத்தார்கள், சார். இதில் ‘ஏ’ வாங்குவது எளிது என்றார்கள். ‘ஏ’ நிறைய இருந்தால் மருத்துவம் கிடைத்துவிடும் என்று நினைத்துவிட்டேன்.”

ஆசிரியர் வாயடைத்துப் போனார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை.

மருத்துவ மாணவர் தேர்வு எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அதன்பின் அவர் தேடித் தேடி அறிந்தார். நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப்பிரிவு என்று மாணவரைப் பிரிக்கும் முறை 2020ஆம் ஆண்டில் நீங்கியது. அதுமுதல் பாடத் தொகுப்புகளிலிருந்து மாணவரே தெரிவு செய்கின்றனர். இவ்வுரிமை நல்லதே. ஆயினும் வழிகாட்டுவார் இல்லாத பிள்ளைக்கு அது பெயர்ப்பலகை இல்லாத நாற்சந்தியாகிவிடுகிறது. எஸ்.பி.எம். தேர்வில் அறிவியல் பாடங்கள் இல்லாதவர், அதற்கு அடுத்த நிலையில் அறிவியல் கல்விக்குள் நுழைய இயலாது.

அடுத்த நிலை என்பது ஒன்றரை ஆண்டில் மூன்று பருவங்களாக நடைபெறும் எஸ்.டி.பி.எம்.; அல்லது மெட்ரிகுலேஷன்; அல்லது பல்கலைக்கழக அடித்தளக் கல்வி. எஸ்.டி.பி.எம். வழியே மருத்துவம் நாடுவோர் உயிரியலிலும் வேதியியலிலும், அவற்றோடு இயற்பியல் அல்லது கணிதத்திலும் உயர்ந்த தேர்ச்சி காட்டவேண்டும்.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களில் தகுதிப் புள்ளி கணக்கிடப்படுகிறது. அதில் 90 விழுக்காடு படிப்பிற்கு. எஞ்சிய 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கு. மருத்துவத்திற்கு விண்ணப்பிப்போரில் பெரும்பாலோர் படிப்பில் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்பவர்கள். அங்கே ஒருவரை ஏற்றுவதும் ஒருவரை இறக்குவதும் அந்தப் பத்து விழுக்காடாகவே இருக்கலாம். ‘திடலுக்குப் போனால் படிப்புக் கெடும்’ என்று பிள்ளையை வீட்டில் நிறுத்தும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

புள்ளி மட்டும் போதாது. நேர்முகத் தேர்வும் உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தோன்றிய ஒரு முறையை இன்று பல நாட்டு மருத்துவக் கல்லூரிகள் கையாளுகின்றன. மாணவர் பல சிறு நிலையங்களுக்கு வரிசையாகச் செல்வர். ஒவ்வொன்றிலும் ஒரு சூழ்நிலை தரப்படும். நோயாளி கோபமுற்றால் என்ன செய்வாய், உடன் பயில்பவன் தேர்வில் ஏமாற்றக் கண்டால் என்ன செய்வாய் என்பன போன்ற வினாக்களுக்குச் சில நிமிடங்களில் விடையளித்தல் வேண்டும். மனப்பாடம் அங்கே கைகொடுக்காது. பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக எண்ணும் பண்பும், எண்ணியதைத் தெளிவுறச் சொல்லும் ஆற்றலுமே துணைநிற்கும்.

தனியார் கல்லூரிக்கோ வெளிநாட்டிற்கோ அனுப்ப நினைப்பவர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. வீட்டை அடகு வைத்துப் பணம் கட்டுமுன், அக்கல்லூரியின் பட்டத்தை மலேசிய மருத்துவ மன்றம் ஏற்கிறதா என்று பார்த்தல் வேண்டும். இல்லையேல் பட்டம் கையிலிருந்தும் பணியில் அமர்வது பெரும்பாடாகிவிடும்.

இவற்றையெல்லாம் அறிந்த ஆசிரியரை ஒரு கேள்வி வாட்டியது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவத் துறை 1963ஆம் ஆண்டில் முதல் மாணவர்களை ஏற்றபோது, அதன் தலைவராக வீற்றிருந்தவர் டாக்டர் டி. ஜே. தனராஜ். இச்செய்தியை ஆண்டுதோறும் வகுப்பில் பெருமையோடு சொன்னவர் அவர். ‘நான் ஒரு மருத்துவரானால்’ என்று எத்தனையோ பிள்ளைகளை எழுத வைத்தவரும் அவரே. கனவை எழுதக் கற்பித்தாரேயன்றி, அதற்குரிய பாதையை ஒருநாளேனும் கரும்பலகையில் எழுதிக் காட்டினாரா? அம்மாணவியின் தந்தை லாரியோடு ஊர் ஊராக அலைபவர். அவர் அறியாதது குற்றமன்று. கற்றறிந்த ஆசிரியர் கேட்டறியாதிருந்தது குற்றமே.

அம்மாணவி இன்று பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பயில்கிறாள். நன்றாகவே பயில்கிறாள். அத்தொழிலும் மதிப்பிற்குரியதே. ஆனால் விடுமுறையில் பாட்டிக்கு இன்சுலின் ஊசி போடும்போதெல்லாம் அவள் ஒரு கணம் தயங்கி நிற்பாளாம். அவள் தாய் சொன்ன இச்சொல் ஆசிரியரின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

இப்போது அப்பள்ளியின் ஆறாம் ஆண்டு வகுப்பில் அதே கட்டுரைத் தலைப்பு இன்னும் எழுதப்படுகிறது. ஆயினும் அதன்கீழ் ஆசிரியர் மேலும் ஒரு வினாவை எழுதுகிறார்: ‘அதற்கு நான் எந்தெந்தப் பாடங்களைப் படிக்க வேண்டும்?’ பிள்ளைகள் விடையறியாது விழிக்கின்றனர். வீட்டில் கேட்கின்றனர், பெற்றோர் பள்ளிக்கு வந்து கேட்கின்றனர். பள்ளியின் இறுதி நாளன்று, வழிகளையெல்லாம் குறித்த ஒரு தாள் ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் கொடுக்கப்படுகிறது.

அம்மாணவியின் தம்பி இவ்வாண்டு நான்காம் படிவம். பாடத் தெரிவுப் படிவத்தை நிரப்புமுன் அவன் தந்தையோடு ஆசிரியரைத் தேடி வந்தான். அவனுடைய சட்டைப்பையில், நான்காய் மடித்து வைத்த அந்தத் தாள் இருந்தது.